தகரப் பந்தலும் தென்மேற்குக் காற்றும்

திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெருவுக்கு இரண்டு காலண்டர்கள். கல்யாணம், பூணூல், திதி எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பஞ்சாங்கம். பள்ளிக்கூடம் திறப்பதற்கும், பலாப்பழம் வாங்குவதற்கும், குடையைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கும் மலையாளக் காலண்டர். பஞ்சாங்கத்தில் வைகாசி என்று இருக்கும் மாதம்தான் காலண்டரில் இடவம். ஆனால் வைகாசி என்று சொன்னவுடன் எங்கள் ஜனங்களின் மனத்தில் தஞ்சாவூர் வெயில் அடிக்கும். இடவம் என்று சொன்னால் திருவனந்தபுரத்து மழை கொட்டும். வெயிலும் மழையும் ஒரே ஊரில் ஒரே தேதியில் இருக்க முடியாது என்பதை அவர்களுக்கு விளக்கியே என் நடுவயதின் பெரும்பகுதி கழிந்தது. விளங்கியதாகச் சொல்ல முடியாது.

நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானியும், ஒரு வெப்பமானியும் வைத்திருந்தேன். காலைக் காப்பிக்கு முன் இரண்டையும் பார்த்து டைரியில் எழுதிக்கொள்வேன். இதனால் தெருவில் எனக்கு "மழை ஆபீஸ்" என்று பெயர் வந்தது. கோவிலுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று, "இன்னிக்கு வடாம் பிழியலாமோ?" என்று கேட்பார்கள். மழைமானி நேற்றுப் பெய்ததைத்தான் சொல்லும், இன்று பெய்யப்போவதைச் சொல்லாது என்பேன். "பின்னே அதை எதுக்கு மேலே வச்சிருக்கேள்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் என் அக்காவின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அக்காவின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. இடையில் ஒரே சுவர். பிள்ளை வீட்டார் கும்பகோணத்துப் பக்கம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"வைகாசிக் கடைசியிலே திவ்யமான முகூர்த்தம் ஒண்ணு இருக்கு. அக்னி நட்சத்திரம் முடிஞ்சு வெயிலும் தணிஞ்சிருக்கும். வாசல்லே பந்தலைப் போட்டு, மேலே வெள்ளைத் துணியைக் கட்டிக் காத்தாட நடத்திடலாம்."

"மாமா, அப்போ இங்கே மழைக்காலம்," என்றேன்.

"வைகாசியிலேயா?"

"வைகாசியிலேதான். இங்கே இடவப்பாதின்னு சொல்லுவா. இடவ மாசம் பாதியிலே ஆரம்பிக்கும்."

"அது மலையாளத்துக் கணக்கு. நாம பஞ்சாங்கப்படின்னா பண்றோம்."

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். காப்பி டம்ளரை அவருக்கு இடப்பக்கம் வைத்து, அது அரபிக்கடல் என்றேன். வெற்றிலைக் கவுளிகளை வரிசையாக நிறுத்தி, அது மேற்குத் தொடர்ச்சி மலை என்றேன். அதற்கப்பால் சுண்ணாம்பு டப்பா கும்பகோணம். சித்திரையிலும் வைகாசியிலும் வடக்கே பெரிய நிலப்பரப்பு காய்கிறது. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். சூடான நிலத்தின்மேல் காற்று லேசாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப, பூமத்திய ரேகைக்குத் தெற்கே குளிர்காலத்தில் இருக்கும் இந்துமாக் கடலிலிருந்து கனமான காற்று கிளம்புகிறது. அது நேராக வடக்கே வர முடியாது, ஏனென்றால் பூமி சுற்றிக்கொண்டிருக்கிறது. ரேகையைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. வழி முழுக்கக் கடலின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு வந்து இந்த மலையில் முட்டுகிறது. மேலே ஏறியே ஆக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரம் மழையாக விழும். விழுவது முழுக்க நம் பக்கம். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது அது உலர்ந்த காற்று, இறங்க இறங்கச் சூடாகும் காற்று. அதுதான் கும்பகோணத்து வைகாசி.

நான் "முட்டுகிறது" என்று சொன்ன இடத்தில் சம்பந்தி மலையிலிருந்து இரண்டு வெற்றிலையை உருவிக் காம்பைக் கிள்ளினார். "மேலே ஏறுகிறது" என்று சொன்னபோது கும்பகோணத்தைத் திறந்து சுண்ணாம்பு எடுத்தார்.

"எல்லாம் சரி. எங்க ஊர்ல வைகாசியிலே காக்கா குளிக்கத் தண்ணி கிடையாது. ஆடி பொறந்தாதான் காவேரியிலே தண்ணி வரும்."

"அந்தத் தண்ணி எங்கேர்ந்து வரது?"

"மேட்டூர்லேர்ந்து."

"மேட்டூருக்கு?"

"குடகுலேர்ந்து. தலைக்காவேரி தெரியாதா உங்களுக்கு?"

"குடகுக்கு எங்கேர்ந்து வரது?"

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "அது பகவான் குடுக்கறது," என்றார்.

பகவான் கொடுப்பது இதே இடவப்பாதிக் காற்றின் வழியாகத்தான், மாமா ஆடிப்பெருக்கில் முழுக்குப் போடுவது இந்த மலையின் மழையில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். முகூர்த்தம் நிச்சயமாகிவிட்டது.

சரி, மண்டபம் பார்த்துவிட்டால் மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன? அது முடியாததற்குக் காரணம் அக்காவின் கணவர், என் அத்திம்பேர்.

முந்தின வருஷம் அத்திம்பேருக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் நாக்கும் பாதிக்கப்பட்டன. கால் ஓரளவு திரும்பியது. கோலை ஊன்றிக்கொண்டு நடப்பார். நாக்குத் திரும்பவில்லை. வங்கியில் தொழிற்சங்கக் கூட்டங்களில் மைக் இல்லாமல் பேசியவர், இப்போது "தண்ணீர்" என்று சொல்வதற்குள் வேர்த்துப் போவார். தெரிந்தவர்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். தெரியாதவர்கள் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். நிச்சயதார்த்தத்தன்றுகூட எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். சம்பந்தி அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்தில் தலையாட்டி முடியாது. கன்னிகாதானத்தில் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, கோத்திரத்தையும் மூன்று தலைமுறையின் பெயர்களையும் வாத்தியார் சொல்லச் சொல்லத் தகப்பனார் திருப்பிச் சொல்ல வேண்டும். "சித்தப்பா பண்ணட்டுமே, தோஷமில்லே," என்று உறவினர்கள் சொன்னார்கள். பெண் ஒரே வார்த்தையில் மறுத்தாள். "அப்பா மடிதான்." அத்திம்பேர் இரண்டு நாள் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"பண்றேன். ஆனா ஆத்து வாசல்லே. மண்டபம் வேண்டாம். ஆயிரம் பேர், மைக்கு... வேண்டாம். இங்கேன்னா நம்ம மனுஷாதான்."

ஆகவே வாசல்தான், பந்தல்தான். பந்தல் நனைந்தால் எல்லோரும் கடைசி நிமிஷத்தில் தெருமுக்குக் கல்யாண மண்டபத்துக்கு ஓடுவார்கள். ஓடினால் அத்திம்பேர் போகமாட்டார். சித்தப்பா மடியில் பெண் உட்காருவாள். எனக்கு இது கணக்கு மாதிரித் தெளிவாக இருந்தது. துணிப்பந்தல் ஆகாது. தகரம் வேண்டும்; சரிவாக வேண்டும்; ஓரத்தில் தண்ணீர் ஓடக் காடி வெட்ட வேண்டும்.

பந்தல்காரர் மலையாளி, எங்கள் தெருவில் வேலை செய்து செய்து ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். வரைந்து கொடுத்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணி போதும் சாரே. தகரம் இட்டால் கல்யாணப் பந்தல்னு ஆரு பறயும்? ரேஷன் கடைன்னில்லே பறயும்."

"மழை பெஞ்சா ரேஷன் கடையிலே நனையாம நிக்கலாம்."

"மழை வந்தால் வரட்டே. கல்யாணத்தன்னிக்கு மழை ஐசுவர்யமாக்கும்."

இவருக்காவது இடவப்பாதி தெரியும் என்று நம்பியிருந்தேன். தெரியும்; ஆனால் அவரிடம் துணிதான் இருப்பில் இருந்தது.

இதெல்லாம் போதாதென்று எதிர்வீட்டு மாமா. தலைமைச் செயலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, அதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுவதும் நடப்பார். அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த சொல் எல் நினோ. பால் திரிந்தால் எல் நினோ. முருங்கை காய்க்கவில்லையென்றால் எல் நினோ. பேரன் கணக்கில் கோட்டை விட்டதற்குக்கூட அதையே சொன்னார் என்று மாமி சொன்னாள்.

"ஓய், தகரமெல்லாம் எதுக்கு? இந்த வருஷம் மழை கட்டு, வரவே வராது. பெரு தேசத்துக் கடல் சுட்டுப்போச்சு, கேட்டேளா? பேப்பர்லே போட்டிருக்கான்."

பேப்பரில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் பெருவில் கடல் சுட்டால் வலியசாலையில் குழாயை மூடியதுபோல் மழை நிற்காது. பசிபிக் கடலில் வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கே காற்று வீசும். வெயிலில் சூடான மேல்நீரை அது மேற்கே, இந்தோனேசியாப் பக்கம் தள்ளிக் குவித்து வைக்கும். சில வருஷம் அந்தக் காற்றுத் தளரும். குவிந்த சூடு கிழக்கே திரும்பி வழியும். சூடான நீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் காற்று மேலெழும்பி மழை தரும். ஆகவே மழை பெய்யும் இடமும் அதோடு நகரும். நம் பக்கத்தில் காற்று எழும்புவதற்குப் பதில் அமுங்கப் பார்க்கும், பருவமழை இளைக்கக்கூடும். இளைக்கக்கூடும், அவ்வளவுதான். இந்துமாக் கடல் தன் பங்குக்கு ஒன்று செய்யும், வடக்கே நிலம் எவ்வளவு காய்ந்தது என்பது ஒன்று செய்யும். இளைத்த மழைக்காலத்திலும் துணிப்பந்தலை நனைக்க ஒரு மணி நேர மழை போதும்.

இதை அவர் வாசலில் நின்று முழுக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றார். "மழை கட்டு."

கடைசியில் அக்காதான் தகரத்துக்குச் சரி என்றாள். என் விளக்கத்தை அவள் நம்பியதால் அல்ல. "இவன் சொன்னதைக் கேக்கலேன்னா கல்யாணம் முடியறவரைக்கும் இதையே சொல்லிண்டிருப்பான்," என்றாள்.

இடவம் பாதி கடந்தது. மழை வரவில்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. என் வெப்பமானி ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. பந்தல் போட்ட அன்று மத்தியானம் அதன்கீழ் யாரும் நிற்க முடியவில்லை. அப்பளம் பொரிக்க எண்ணெய் வேண்டாம், கூரைமேல் போட்டாலே போதும் என்று சமையல்காரர் சொன்னார். எதிர்வீட்டு மாமா தினமும் காலையில் வந்து தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்.

"மாமா, மழை தாமசம். அவ்வளவுதான்," என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "தம்பானூர் ஸ்டேஷன்லே வண்டி லேட்டுன்னா, வண்டியே கிடையாதுன்னு தண்டவாளத்திலே பாயை விரிச்சுப் படுத்துப்பேளா?"

"எல் நினோன்னா வண்டி கேன்சல், ஓய்," என்றார்.

கால அட்டவணை வேறு, இன்றைக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பது வேறு. பூமியின் அட்டவணை பெரியது. நடுவில் விழும் அதிகப்படி வெயிலைக் காற்றும் கடலும் சுமந்துகொண்டு துருவங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் முழு வேலை. கடல் ஆவியாகும்போது வெயிலின் சூட்டை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அந்த ஆவி மலைக்கு மேலே மழையாகும்போது வாங்கிய சூட்டைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் எழும்பி, இன்னும் ஈரத்தை இழுக்கிறது. எதுவும் தொலைவதில்லை. இவ்வளவு ஒழுங்கான ஒன்றை நான் எங்கள் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒழுங்கு எந்தத் தெருவில் எந்தக் காலையில் வந்து இறங்கும் என்பதை அது யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

ஜானவாசத்தன்று, அதாவது கல்யாணத்துக்கு முந்தின மாலை, காற்று மாறியதைக் கவனித்தேன். தரையோடு வீசும் காற்று மேற்கிலிருந்து ஈரமாக, நிற்காமல் வந்தது. மிக உயரத்தில் மெல்லிய மேகங்கள் அதற்கு எதிராகக் கிழக்கிலிருந்து போயின. மேலும் கீழும் இப்படி எதிரெதிராக வீசத் தொடங்கினால் பருவக்காற்று நிலைகொள்கிறது என்று அர்த்தம். பக்கத்துக் கரைகளின் மீன்பிடி வள்ளங்கள் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குள் வந்து ஒதுங்கத் தொடங்கியதாக அலுவலகத்தில் அன்றே பேச்சு. நான் சம்பந்தியிடம் போய், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டாம் என்றேன்.

"மாப்பிள்ளையை மூடி வச்சு அழைச்சிண்டு போகவா? அவன் என்ன ஊறுகாயா?" என்றார்.

திறந்த காரில்தான் போனார்கள். நாதஸ்வரம், காஸ் விளக்கு, பின்னால் எல்லோரும். ஒரு துளி விழவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது சம்பந்தி என் தோளைத் தட்டினார்.

"என்ன, உங்க அரபிக்கடல் எங்கே?"

தெருவே சிரித்தது. நான் உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை பந்தலுக்கு வந்தபோது மணைக்கு எதிரே ஒரு மைக் நின்றிருந்தது. இரண்டு தூணிலும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள். அது எங்கள் ஏற்பாடு இல்லை.

"நான்தான் கொண்டுவரச் சொன்னேன்," என்றார் சம்பந்தி, ஆசையாக. "கன்னிகாதானம் எல்லார் காதுலேயும் விழணும். எங்காத்து வழக்கம்."

நல்ல மனத்தோடுதான் செய்தார். அதுதான் இன்னும் எரிச்சல். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அத்திம்பேர் இத்தனை மாதம் மறைத்தது வெளியே வரும். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மைக்செட்காரரைப் பார்த்தேன். அவர் ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சுத் தெருக்கோடிவரை கேட்டது.

அத்திம்பேரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நெல் மூட்டையின்மேல் உட்காரவைத்தார்கள். அவர் மைக்கைப் பார்த்தார். முகம் சுவர்போல் ஆயிற்று. ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பெண் வந்து மடியில் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைத் தன் வாயருகேயிருந்து அத்திம்பேரின் வாயருகே நகர்த்தினார்.

முதலில் காற்றுதான் வந்தது. வாசல் மாவிலைத் தோரணம் ஒரே பக்கமாகப் பறந்தது. மேற்கே கோவில் பக்கம் இருட்டியது. பிறகு தகரத்தின்மேல் நாலைந்து துளிகள், தனித்தனியாக, கூழாங்கல் விழுவதுபோல். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. முதல் மழைக்கு எங்கள் ஊரில் என்ன நடக்குமோ அது நடந்தது: கரண்ட் போயிற்று. மைக் செத்தது.

தகரத்தின்கீழ் உட்கார்ந்து இடவப்பாதி மழையைக் கேட்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு, எப்போது ஊதுவது என்று தெரியாமல் எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் பேசுவதே கேட்கவில்லை. வாத்தியார் அத்திம்பேரின் காதில் வாயை வைத்துச் சொன்னார். அத்திம்பேர் உதட்டை அசைத்தார். ஓர் இடத்தில் நின்றார், திரும்ப ஆரம்பித்தார், இன்னோர் இடத்தில் நெடுநேரம் நின்றார். யாரும் நெளியவில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கத்துகிறார் என்று தெரிந்தது. கோத்திரத்தை, அப்பாவை, தாத்தாவை, கொள்ளுத்தாத்தாவை, எவ்வளவு குழறினாலும் குழறட்டும் என்று முழுத் தொண்டையில் சொன்னார். அவர் மடியில் இருந்த பெண்ணுக்கு மட்டும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதாள். எல்லோரும் அதை வழக்கமான அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பந்தலுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. காடியில் தண்ணீர் நான் வரைந்த கோட்டிலேயே ஓடியது.

இதற்குமேல் எனக்குக் கிடைத்தது என்னவென்றால், சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தியின் குறை. "எல்லாம் அமோகம். அந்தத் தகரம்தான். ஒரு மந்திரம் காதுலே விழுந்துதா? துணியா இருந்தா இந்த இரைச்சல் உண்டா?" துணியாக இருந்தால் அவர் இலையில் ரசத்துக்குப் பதில் என்ன இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டு மாமா பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, "பாத்தேளா ஓய், என்ன மழை! எல்லாம் எல் நினோ பண்ற வேலை," என்றார். பந்தல்காரர் வந்து, தகரம் போடலாம் என்று தான் முதலிலேயே சொன்னதாக அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்திம்பேர் மட்டும், எல்லோரும் போன பிறகு, பந்தலைக் கழற்ற வந்தவரைக் கோலால் நிறுத்தினார். நாலு தகரத்தைக் காட்டி, அதைக் கொல்லையில் சாய்ப்பாகப் போடச் சொன்னார். எதற்கு என்று அக்கா கேட்டாள். அவர் கோலால் கொல்லையை மறுபடி காட்டினார்.

அந்த மழைக்காலம் முழுவதும், மழை பலத்ததும் அவர் கோலை ஊன்றிக்கொண்டு கொல்லைக்குப் போவார். தகரத்தின்கீழ் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை வாய்விட்டுப் படிப்பார். மூன்றாவது வருஷம், ஆவணியில் மழை விட்ட பிறகும், வாசலில் நின்று கறிகாய்க்காரரிடம் பேரம் பேசினார். குழறல் முழுக்கப் போகவில்லை. அவர் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்தியிருந்தார்.

எனக்கு ஒரு கஷ்டம் மிச்சம். அந்தச் சாய்ப்பை எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரின் உச்சியை ஒட்டிப் போட்டுவிட்டார்கள். மேற்குக் காற்று அடிக்கும்போது அதிலிருந்து தெறிக்கும் தண்ணீர் என் மழைமானிக்குள் விழுந்தது. பெய்ததைவிட அதிகமாகக் காட்டும் மழைமானியால் யாருக்கு என்ன பிரயோஜனம்? தகரத்தை நகர்த்தச் சொல்லலாம் என்று சுவர்வரை போனேன். தகரத்துக்கு அடியில் அத்திம்பேர் சத்தமாகத் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, டைரியில் அந்த வார அளவுகளுக்கு எதிரே "நம்பத்தக்கதல்ல" என்று எழுதிவிட்டு, மழைமானியை மாடியின் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.